புகை பட்ட லேப்டாப்பும் சத்வால்தியின் கையெழுத்தும்

“படிக்காம ஒரு காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. நிக்காஹ் பத்திரத்தையே ரெண்டு தடவ படிச்சவன் நான்.” உஸ்பெகிஸ்தானின் நமங்கான் நகரத் தேநீர்க் கடையில் சத்வால்தி அண்ணன் இப்படி அறிவித்தபோது பதினோரு பேர் இருந்தோம். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் பத்திரத்தை மூன்றாவது தடவை எங்களுக்குப் படித்துக் காட்டுவார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் இருபத்தேழு வருடமாகப் பிழை திருத்துகிறவர். காற்புள்ளியைக்கூட விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். சிரித்துப் பேசும் வியாபாரியிடம் முலாம்பழம் வாங்க மாட்டார். யாரையும் நம்பாத அவர் கண்திருஷ்டியை மட்டும் முழுமனதாக நம்பினார். அதனால்தான் மனைவி முகத்தஸுக்குப் புது லேப்டாப் வந்த அன்றே, திருஷ்டி கழிக்கும் இசிரிக் செடியைக் கொளுத்தி அதற்கு மூன்று சுற்றுப் புகை காட்டினார்.

முகத்தஸ் அண்ணி கல்யாண அழைப்பிதழ் வரைகிறவர். நோன்புப் பெருநாளுக்கு மறுநாளிலிருந்து ஊரெல்லாம் கல்யாணம். முப்பத்துநான்கு வீட்டு அழைப்பிதழ்களும் அந்த லேப்டாப்புக்குள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையத் தொடங்கியது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பத்து நாள் வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் அண்ணன் சாட்சிக்கு என்று என்னையும் கூட்டிப்போனார். கவுன்டரில் டை கட்டிய இல்ஹோம் என்ற பையன் ஒரு தாளை நீட்டினான்.

“உள்ளே புகைக்கரி இருக்குண்ணே. இது உங்க தப்பு. வாரண்டி கிடையாது.”

“திறந்து பாத்தியா, இல்ல மூஞ்சியப் பாத்தே சொல்றியா?”

“தலைமை ஆபீஸ் சொல்லுது.”

“தலைமை ஆபீஸுக்கு மூக்கு அவ்வளவு நீளமா?”

அண்ணன் வரிசையில் நின்றவர்களை விசாரித்தார். ஐந்து பேர் கையில் அதே மாடல், அதே கோளாறு. ரொட்டிக்காரருக்குக் காரணம் மாவுத்தூள் என்று எழுதியிருந்தது. கணக்கு வாத்தியாருக்குச் சாக்பீஸ் தூள். வீட்டில் பூனை வளர்த்த அம்மாளுக்கு உரோமம்.

“பூனை செத்து மூணு வருஷம் ஆச்சு தம்பி,” என்றார் அந்த அம்மாள்.

“அப்ப ஆவியா இருக்கும்,” என்றார் வாத்தியார்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு இசிரிக் புகையோடு ஒரு பெரியம்மா வந்தார். வாரம் தவறாமல் கடை கடையாகத் திருஷ்டிப் புகை போட வருகிறவர். இல்ஹோம் பழக்கதோஷத்தில் டையை ஒதுக்கித் தலை குனிந்து புகையை வாங்கிக்கொண்டான். பெரியம்மா பின்னாலிருந்த அலமாரியில் வரிசையாகத் திறந்து கிடந்த லேப்டாப்புகளுக்கும் தாராளமாகக் காட்டினார்.

அண்ணன் நிதானமாக விரல்விட்டு எண்ணினார்.

“பத்தொம்பது. தம்பி, இத்தனைக்கும் வாரண்டி போச்சா? போச்சுன்னா எழுதிக் குடு. நான் படிச்சுப் பாக்குறேன்.”

இல்ஹோம் உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வந்து, உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு என்று மெதுவாகச் சொன்னான். மற்ற ஐவரும் “எங்களுக்கும் மட்டும்” என்றார்கள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். அண்ணியும் வந்தார். கொடுத்தது நம்முடையதுதானா என்று அண்ணன் லேப்டாப்பைப் புரட்டி, மூலைத் திருகில் தான் ரகசியமாக இட்டிருந்த நகப்பூச்சுப் பொட்டைத் தடவிப் பார்த்தார். இருந்தது.

“இதுல ஒரு கையெழுத்துண்ணே,” என்று இல்ஹோம் நான்கு பக்கத்தை நீட்டினான். கடுகு கடுகாக எழுத்து.

பக்கத்தில் அண்ணி லேப்டாப்பைத் திறந்தார். பத்து நிமிடம் தாண்டியும் திரை அணையவில்லை. மாதுளம்பூக் கரை போட்ட அழைப்பிதழ்கள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணி உதடசைய எண்ணி, முப்பத்துநான்கில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வாடகை வேனில் வீடு திரும்பும்போது அண்ணி கேட்டார்: “என்ன எழுதியிருந்துச்சு?”

“வழக்கமா எழுதறதுதான்.”

அண்ணி கைப்பையிலிருந்து அண்ணனுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ‘கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள்’ என்று வேனில் ஒட்டியிருந்த தாளை இறங்கும்வரை படித்துக்கொண்டு வந்தார்.