ஓடும் படியில் கை கொடுத்தவள்

போன தை மாதம், தூத்துக்குடியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நடந்தது இது. நான் அங்கே துணி எடுக்கப் போகவில்லை. எஸ்கலேட்டரில் ஏறிப் பழகப் போனேன்.

என் மகளுக்கு லிஸ்பன் நகரத்தில் வேலை. போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரம், ரொம்பப் பழைய ஊர். நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில் அதை வாங்க வந்த போர்ச்சுக்கீசியர்களின் கப்பல்களெல்லாம் அங்கிருந்துதான் புறப்பட்டனவாம். மகள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அவர்கள் அத்தனை தூரம் வந்து நம் ஊரைப் பார்த்தார்களே, நாம் ஒரு தடவை போய் அவர்கள் ஊரைப் பார்க்க வேண்டாமா? வைகாசியில் போவதாகப் பேச்சு. பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. டிக்கெட் போடுவதற்கு முன்னால் மகள் போன் செய்தாள்.

"யம்மா, இந்த ஊரு மேடும் பள்ளமுமா கெடக்கு. ரயிலு பூமிக்கடியில ஓடுது. எஸ்கலேட்டர்லதான் எறங்கணும், லிஃப்டு பாதி நாளு ரிப்பேரு. உனக்கு அது ஆகாதே. அதுல ஏற மாட்டேன்னா வீட்டு ஜன்னல் வழியாத்தான் ஊரைப் பாக்கணும். அதுக்கா இவ்வளவு தூரம் வாரே? யோசிச்சுச் சொல்லு, பெறவு டிக்கெட் போடுதேன்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முன்பு சென்னையில் அவளோடு ஒரு கடைக்குப் போனபோது, எஸ்கலேட்டரில் ஒரு காலை வைத்துவிட்டுப் பயத்தில் பின்னுக்கு இழுத்து, பின்னால் வந்த மனுஷர் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"யாருக்கு ஆகாது? மளிகைக் கடையை ஒத்தையில நடத்துனவ நான்" என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே ஜவுளிக்கடைக்குக் கிளம்பினேன்.

கூட்டம் இல்லை. எஸ்கலேட்டர் பக்கத்தில் போய் நின்றேன். படிகள் தரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிதுங்கி வந்து மேலே போகின்றன. இதில் காலை வைப்போம் என்று நினைப்பதற்குள் அது போய்விடுகிறது. கைப்பிடியைத் தொட்டால் அதுவும் ஓடுகிறது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலையைத் தொட்டு விலை பார்ப்பதுபோல நின்றேன். ஒரே சேலைக்கு எத்தனை தடவைதான் விலை பார்ப்பது?

அப்போது என் வயதை ஒட்டிய ஒரு அம்மாள், கையில் வயர்கூடையோடு, பக்கத்தில் வந்து நின்றாள். முன்பின் தெரியாதவள்.

"யக்கா, யாருக்காக நிக்கிய?"

"மக மேல போயிருக்கா."

"நானும் ரொம்ப நேரமாப் பாக்கேன், உங்க மக கடையவே வாங்கிட்டுத்தான் எறங்குவா போல."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்கிடாதிய. நான் ஏரல்ல இருந்து வாரேன். மேல போகணும். இந்தப் படியப் பாத்தாலே காலு ரெண்டும் நடுங்குது. உங்களப் பாத்தா தைரியமானவுகளாத் தெரியுது. என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறியளா?"

தைரியமானவள் என்று ஒருத்தி வாய் திறந்து சொன்ன பிறகு, எனக்கும் பயம் என்று எப்படிச் சொல்வது? "வாங்க, இதுல என்ன இருக்கு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"எப்ப கால வைக்கணும்?" என்று கேட்டாள்.

"கீழ பாக்காதிய. நேரா பாருங்க. ரெண்டு பேரும் சேந்தாப்புல வலது கால வைப்போம்" என்றேன். எனக்கே தெரியாததை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வைத்தோம். உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மேலே போய் இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

"நல்லா இருப்பிய" என்று சொல்லிவிட்டு அவள் சேலைப் பக்கம் போனாள். அந்தத் தெம்பில் அடுத்த மாடிக்கு நான் தனியாகவே ஏறிவிட்டேன். அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமையாகக் கீழே எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மாள் எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் வயர்கூடை, இன்னொரு கையில் துணிப்பை. கைப்பிடியைத் தொடவே இல்லை. படி ஓடுகிற வேகம் போதாதென்று, அதன் மேலேயே விறுவிறுவென்று நடந்தாள். முடிகிற இடத்தில் தரையைக்கூடப் பார்க்காமல் காலை எடுத்து வைத்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. பிறகு சிரிப்பு வந்தது. கூப்பிடலாம் என்றால் பேர்கூடத் தெரியாது.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். "ஏளா, எனக்கு அந்தப் படின்னா பயந்தான். ஆனா நீ கையப் புடிச்சுக்கிட்டா ஏறிருவேன்" என்றேன்.

"யம்மா, நீதான் பேசுதியா?" என்றாள். ராத்திரியே டிக்கெட் போட்டுவிட்டாள்.

இப்போது பெட்டியில் துணிமணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். தான் பயந்தவளாக நடித்து என்னைத் தைரியசாலி ஆக்கிவிட்டுப் போனாளே அந்த ஏரல்காரி, அதுபோல, பெறுகிறவருக்கே தெரியாதபடி ஒரு உதவியை நானும் யாருக்காவது செய்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு சேலையை மடிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.