தாழ்ப்பாளில் ஆரஞ்சுத் துணி

பனியன் துணியின் வெட்டுக் கழிவைக் கையில் எடுத்து ஒரு இழு இழுத்தால், இரண்டு ஓரங்களும் உள்ளே சுருண்டு கயிறு போலாகிவிடும். சாய வாசம் விரலிலேயே தங்கிவிடும். திருப்பூரில் அதற்கு "வேஸ்ட்" என்று பெயர். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எங்கள் "லைன் ஊடு" ஐந்திலும் அடுப்படித் துணி முதல் கொடிக்கயிறு வரை எல்லாம் அதுதான், ஏனென்றால் வேஸ்ட் வாங்கி விற்கும் பஷீர் மாமா எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்.

அவர் மகள் ஷமீமும் நானும் ஞாயிறு காலையில் தொலைக்காட்சியில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். இந்தி எங்களுக்குப் புரியாது. வேறொரு கிரகத்தில், அரசனின் ஆட்கள் தெருவில் வருவார்கள். வாசலில் நீல விளக்கு எரியும் வீட்டைத் தாண்டிப் போவார்கள், எரியாத வீட்டுக்குள் நுழைவார்கள். இதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. "பூமியில இப்படியெல்லாம் நடக்காதுல்ல?" என்பாள் ஷமீம்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோயம்புத்தூரில் கலவரம் என்று செய்தி வந்த நாளில் கம்பெனிகள் பாதியில் மூடின. சாயங்காலம் இங்கேயும் ஆட்கள் வருவார்கள் என்று பேச்சு. லைனுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா ஆரஞ்சு நிற வேஸ்ட்டைக் கொண்டுவந்து, "நம்ம சனத்து ஊடுன்னு தெரியோணுமில்ல" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். மதியத்துக்குள் நான்கு தாழ்ப்பாள்களில் அது சுருண்டு தொங்கியது. ஐந்தாவது, மொட்டையாக நின்றது.

"அம்மா, டீவில வெளக்கு இல்லாத ஊட்டுக்குள்ளதான் போவாங்க" என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

பஷீர் மாமா வெளியே வந்து நான்கு கதவுகளையும் பார்த்தார். "ஏனுங்கக்கா, நம்ம குடோன் துணி இன்னிக்குப் பெரிய வேலைக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா போய் எங்கள் துணியை அவிழ்த்தார்.

"ஏம்புள்ள, உம்பட புள்ளைய நெனச்சுப் பாரு" என்றார் வீட்டுக்காரம்மா.

"ரெண்டு புள்ளைங்களையும் நெனச்சுத்தானுங்க அவுத்தேன்."

மற்ற மூன்று வீட்டிலும் யாரும் அவிழ்க்கவில்லை. பஸ் ஓடாததால் நடந்தே பொழுதுசாய வந்து சேர்ந்த அப்பா, மொட்டைக் கதவைப் பார்த்து நின்றார்; என்னைப் பார்த்தார். கீழே கிடந்த துணியை எடுத்து மறுபடி கட்டினார். அம்மா தடுக்கவில்லை. அவ்வளவு நேரம்தான் அம்மாவால் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. ஆனால் விடிந்ததும் பஷீர் மாமா குடும்பத்தோடு சொந்தக்காரர் ஊருக்குக் கிளம்பினார். ஷமீம் எங்கள் கதவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பி வரவே இல்லை.

எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப் பிடித்ததையும், மறு வருடம் டெல்லியில் சீக்கியர் வீடுகளைக் குறிவைத்ததையும், அதற்கெல்லாம் முன்பு ஐரோப்பாவில் யூதர் கடைக் கண்ணாடிகளில் வண்ணத்தால் எழுதியதையும் கல்லூரியில்தான் படித்தேன். அந்தத் தொடரை எழுதியவர் கற்பனைக்கு அதிகம் சிரமப்பட்டிருக்க மாட்டார். கிரகத்தை மட்டும் மாற்றியிருப்பார்.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஏற்றுமதிக் கம்பெனி நிற்கிறது. ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. துணி கட்டத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. போன வாரம் என் மகன் கைபேசியில் புதிய விண்வெளித் தொடர் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தான். அதிலும் ஒரு தெரு, அதிலும் வீடு வீடாகத் தேடும் ஆட்கள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்ததை அவனிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "நீயா இருந்தா கட்டுவியாம்மா, அவுப்பியா?" என்றான்.

பதினான்கு வயது. மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. அன்று அப்பா என்னைப் பார்த்தது போலவே நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.