வெள்ளைக் குச்சி மேடை

பஞ்சவர்ணத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அப்ப உங்க வண்டவாளமும் வெளிய வருமே" என்று என் மனைவி சிரித்தாள். வரட்டும். இந்த வயதில் அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

1968இல் நான் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். பஞ்சவர்ணம் அங்கே தவறணைக்குப் பொறுப்பு. தேயிலைத் துண்டுகளைப் பொலித்தீன் பைகளில் ஊன்றிப் பந்தல் நிழலில் கன்றாக்கும் இடத்தைத்தான் தவறணை என்போம். அவளுக்குக் கீழ் ஐந்து பெண்கள். பெரிய கங்காணிகூட அந்தக் கன்று மேடைகளைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஓர் இலை உரசினாலும் அவள் வாய்க்குத் தப்ப முடியாது.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு கூடையோடு மலையில் வழுக்கி விழுந்தவள். வலது முட்டி அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. இனி ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்க முடியாது. சமதரையில் இருந்த தவறணைதான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்தத் தவறணையையே மூடிவிடுகிற யோசனை கம்பெனிக்கு இருந்தது. மழைக்காலம் வந்தால் கொப்புள நோயும் வந்துவிடும். இளம் இலைகளில் கொப்புளம் கிளம்பி, வெள்ளைப் பொடி பூத்து, கன்று கருகிப்போகும். இப்படிச் சாகிற கன்றை வளர்ப்பதைவிட வேறு தோட்டத்தில் வாங்குவது மேல் என்றார்கள்.

அந்த நேரத்தில் மாவனல்லையிலிருந்து மஷூர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், ஆராய்ச்சி உத்தியோகத்தர். ஒரு புது மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கக் கொழும்பில் ஒரு குழு அவருக்கு ஒரு வருடத்துப் பணம் கொடுத்திருந்தது. தோட்டத்தின் சம்மதக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். முதல் வருடத்தில் பலன் தெரிந்தால் இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் வரும், தவறணையும் தப்பும். தெரியாவிட்டால் பஞ்சவர்ணம் மலைக்குத்தான் போகவேண்டும்.

மஷூர் எட்டு மேடைகளைத் தேர்ந்தெடுத்தார். மருந்து அடிக்கும் நான்கில் சிவப்புக் குச்சி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் அடிக்காத நான்கில் வெள்ளைக் குச்சி. "வெள்ளைக் குச்சிக்கு ஒரு சொட்டு மருந்தும் படக்கூடாது" என்றார். பஞ்சவர்ணம் தலையாட்டினாள். சொன்னபடியே ஒரு சொட்டும் படவிடவில்லை.

வருடக் கடைசியில் பணம் கொடுத்த குழு பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திவைத்துத் தோட்டத் துரையின் உத்தரவை வாசித்தேன்: தோட்டத்தில் எந்த இடமும் அசுத்தமாக இருக்கக்கூடாது.

கொழும்பிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தோம். ஆபீசில் படுத்துக் கிடந்த சொறி நாயைக்கூடப் பெக்டரிக்குப் பின்னால் கட்டிவைத்தோம். பஞ்சவர்ணம் சும்மா இருப்பாளா? பத்து நாளாக, பிள்ளைத் தலையில் பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு கன்றாகப் புரட்டி, கொப்புளம் வந்த இலைகளையெல்லாம் கிள்ளி எடுத்துவிட்டாள். எடுத்ததை மாலைதோறும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதையெல்லாம் எதுக்கு நிறுக்கச் சொல்ற?" என்று கேட்டேன்.

"பறிச்சத நிறுக்காம கொட்டலாங்களா? செவப்ப தனியா, வெள்ளைய தனியா எழுதுங்க."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. என் மூளையின் லட்சணம் அப்படி.

குழு வந்தது. எட்டு மேடையும் ஒரே பச்சை. பஞ்சவர்ணம் பெருமையோடு ஓரமாக நின்றாள். குழுத் தலைவர் கன்றுகளைப் பார்த்தார், பிறகு மஷூரின் புத்தகத்தைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்பு கடைசியாக வந்தபோது, வெள்ளைக் குச்சி மேடைகளில் பாதிக் கன்றுக்கு நோய் என்று மஷூர் அதில் எழுதியிருந்தார்.

"இந்த நோய் எங்கே இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார். "மருந்து அடித்ததும் அடிக்காததும் ஒன்றாக இருக்கிறதே. புத்தகத்தை வீட்டில் இருந்து எழுதினீர்களா?"

மஷூர் குனிந்து ஒரு வெள்ளைக் குச்சி மேடையில் இலைகளைப் புரட்டித் தேடினார்.

நோய் இலை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் உத்தரவை வாசித்தவனும் இலையை நிறுத்து எழுதியவனும் நான்தான். துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பஞ்சவர்ணம் முட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாத்தயா, கொள கெடுவே மம" என்றாள். ஐயா, இலையைப் பறித்தது நான்தான் என்று நல்ல சிங்களத்தில், நடுங்காமல். "இந்த ஐயா மேல குத்தமில்ல. பறிச்சதுக்கு நிறுவை இருக்கு. கிளாக்கர் ஐயாவக் கேளுங்க."

துரை அவளை முறைத்த முறைப்பில், இன்றோடு இவள் வேலை போயிற்று என்று நினைத்தேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். வெள்ளைக் குச்சி மேடைகளில் பதினொன்றரை றாத்தல் நோய் இலை. சிவப்பில் முக்கால் றாத்தல்.

தலைவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "கிள்ளி எறிகிற இலையை ஏன் நிறுக்கச் சொன்னாய்?" என்று கேட்டார்.

"நிறுக்காம கொட்டிப் பழக்கமில்லைங்க மாத்தயா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் துரையும் சிரித்தார். மஷூர் மட்டும் அப்படியே மேடை விளிம்பில் உட்காரப்போனார்.

"ஐயா, கன்னு!" என்று பஞ்சவர்ணம் ஓர் அதட்டல் போட்டாள்.

மூன்று வருடத்துக்கும் பணம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வெள்ளைக் குச்சி மேடைகளில் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர எவரும் எதுவும் செய்யக்கூடாது. சுத்தம் செய்யாதே என்று பெரட்டில் நான் உத்தரவு வாசித்தது அந்த ஒருமுறைதான். பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. ஒரு மழை நாளில் அந்த மேடைகளுக்கு முன்னால், இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன, குளிரா?" என்றேன்.

"கை சும்மா இருக்கமாட்டேங்குதுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. கேலி செய்ய வந்த நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

1972இல் பரீட்சை முடிந்தது. மருந்து தேறிவிட்டது, இனித் தவறணை முழுவதற்கும் அடிக்கலாம் என்று மஷூரே டின்னோடு வந்தார். மருந்து அடிக்கிற ஆள் வழக்கம்போலச் சிவப்புக் குச்சிப் பக்கம் போனான். பஞ்சவர்ணம் மடங்காத காலை நீட்டி வழியை மறித்தாள்.

"மொதல்ல இவங்களுக்கு அடி."

வெள்ளைக் குச்சி மேடைகளில் அந்த வருடக் கன்றுகளில் பாதிகூட மிஞ்சவில்லை. "அது இனித் தேறாது பஞ்சவர்ணம், எங்களுக்கும் தேவையில்ல" என்றார் மஷூர்.

"ஒங்களுக்குத் தேவையில்ல. நாலு வருசமா என்னையப் பாத்துக்கிட்டே செத்துச்சுங்க ஐயா."

மஷூர் பம்பைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளைக் குச்சி மேடைகளுக்கு முதலில் அடித்தார். அவருக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய், பஞ்சவர்ணம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள். அன்று மாலை அவள் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். அடுப்பில் அந்தக் குச்சிகள்தான் எரிந்துகொண்டிருந்தன.