பேனரில் எங்கள் ஏழு முகங்கள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் போர்டு, பேனர் செய்யும் கடை ஒன்றில் நான் டிசைனர். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். லோகோவைப் பெரிசாக்கு, சிறிசாக்கு என்று நாளைக்குப் பத்துப் பேர் உயிரை எடுத்தால் வராதா பின்னே? அந்த அமெரிக்க டீச்சரிடம் மட்டும் என் கோபம் செல்லுபடியாகவில்லை.

அவர் கறுப்பினத்தவர். இங்கே ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். பள்ளியில் நடக்கும் ஒரு நினைவு விழாவுக்கு, ஹாலில் கட்ட ஒரு பேனர் கேட்டார். வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு பெயர், அதற்குக் கீழே 'சிப்பாய்' என்று ஆங்கிலத்தில். அவ்வளவுதான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. யார் மேடம் இவர் என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தாவாம். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஒரு ஊர்க் கலவரத்தில் பழியைக் கறுப்பினச் சிப்பாய்கள் தலையில் கட்டி, அவசர அவசரமாக விசாரித்து, பலரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். அவரும் அதில் ஒருவர். இப்போதுதான் அந்தத் தீர்ப்பே தப்பு என்று ரத்து செய்திருக்கிறார்கள். டீச்சரின் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. சிறுவயதில் வீட்டில் தாத்தா பெயரைச் சொன்னாலே அடி விழுமாம். "இப்போ அவங்க எழுந்து நடக்கறதில்லை. நாலு பேர் முன்னாடி அந்தப் பேரைச் சொல்றதை அவங்க ஒரு தடவையாவது பார்த்துடணும். போன்ல காட்டப் போறேன்" என்றார். படம் இருக்கிறதா என்றேன். ஒன்றுகூட இல்லையாம்.

அவர் கேட்டபடியே வெள்ளையில் போட்டு முடித்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. கேஸில் ஜெயித்த மனுஷனுக்கு இப்படியா மொட்டையாக பேனர் வைப்பது? எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒருத்தர் விடுதலையாகி வந்தால் ரோடு தாங்காது. விளையாட்டாக இன்னொன்று செய்தேன். நடுவில் அவர் பெயர் ஆங்கிலத்தில், தங்க எழுத்தில். மேலே தமிழில் 'வழக்கை வென்ற வீரரே, வாழ்க!' கீழே 'இவண்' போட்டு, கடையில் இருக்கும் எங்கள் ஏழு பேர் முகமும் வட்ட வட்டமாக. நான் கூலிங் கிளாஸில். மிஷின் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணன் விசா போட்டோவில், பிடிபட்ட திருடன் மாதிரி. எல்லோரும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விழா அன்று மத்தியானம் நானும் அண்ணனும் பேனரைக் கட்டப் போனோம். மேடையில் சுருளைப் பிரித்தால், என் கூலிங் கிளாஸ்!

"என்னண்ணே இது!"

"நீர் ஃபோல்டரில போட்டதைத்தானே நான் அடிச்சனான்? என்ர முகமும் கிடந்தது, அதான் வடிவாக் கவனமா அடிச்சனான்."

இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்ட மடையன் நான்தான். திரும்பப் போய் அச்சடிக்க நேரமில்லை. பிள்ளைகள் வரிசையாக உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் வந்து நின்றார். பேனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தக் கிழவியின் ஒரே ஒரு நாளை என் விளையாட்டுப் புத்தி பாழாக்கிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யார் இவங்கல்லாம்?" என்று வட்டங்களைக் காட்டினார்.

"நாங்கதான் மேடம். எங்க ஊர் வழக்கம். ஒருத்தருக்கு பேனர் வெச்சா, அவருக்காக நிக்கிறவங்க முகத்தைக் கீழே போடுவோம். தப்பாயிடுச்சு, மன்னிச்சிருங்க. கழட்டிடறேன்."

"தொடாதீங்க" என்றார். உடனே போனில் அம்மாவைக் கூப்பிட்டு, கேமராவை பேனர் பக்கம் கொண்டுபோனார். அமெரிக்காவில் அப்போது விடியற்காலை. கிழவி படுக்கையில் சாய்ந்தபடி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"என் தாத்தா பக்கத்துல யாரு இந்தப் பசங்க?"

"அவருக்காக நிக்கிறவங்க, அம்மா."

கிழவி விரல் நீட்டி ஒவ்வொரு முகமாக எண்ணினார். "ஏழு பேர்" என்றார். "அன்னிக்கு அவர் பக்கத்துல நிக்க ஒருத்தர்கூட இல்லை." அப்புறம் எங்கள் இருவரையும் கேமரா முன்னால் வரச் சொன்னார். அண்ணனைப் பார்த்து, "போட்டோவைவிட நேர்ல அழகா இருக்கியே" என்றார். டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. அண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஹால் நிறைந்ததும் டீச்சர் போனை மைக் அருகே பிடித்தார். கிழவி தாத்தாவின் முழுப் பெயரையும் சொன்னார். நடுங்காத குரலில், இரண்டு முறை. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டல் போதவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து எங்கள் ஊர் விசில் ஒன்று அடித்தேன். பிரின்ஸிபால் திரும்பி முறைத்தார். போனிலிருந்து கிழவி, "இன்னொரு தடவை!" என்றார்.

அடித்தேன்.