அளவு பார்க்காத காலை

என் தம்பி மேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். விசேஷங்களை அவன் வீடியோ எடுப்பான். விளாங்குடியில் வீட்டிலிருந்தபடியே நான் எடிட்டிங் செய்வேன். கேமரா கார்டில் இருப்பதை அவன் தன் கம்ப்யூட்டரில் போட்டால், நெட் வழியாக அது என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அவனிடம் இடம் கம்மி. எனக்கு வந்ததும் அங்கே இருப்பதையும் கார்டில் இருப்பதையும் அழித்தால்தான் அடுத்த முகூர்த்தத்துக்குப் போக முடியும். அதனால் முகூர்த்த நாள் காலையில் தவறாமல் போன் வரும்.

"வந்துருச்சாக்கா? அழிச்சிரவா?"

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒவ்வொரு ஃபைலும் அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபைலின் பெயர் முதலில் வந்து உட்கார்ந்துவிடும், சரக்கு பின்னால் மெதுவாகத்தான் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு, அடுப்பில் தோசை கருகுகிறதே என்ற எரிச்சலில், பெயர்களை மட்டும் எண்ணினேன். அறுபத்து நாலு, சரியாக இருந்தது. அழிச்சிரு என்று சொல்லிவிட்டேன்.

கால் மணி நேரத்தில், முந்தின முகூர்த்தத்தில் கல்யாணமான பெண் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்து, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, அதே காரில் திரும்பிப் போனவர். நாளைக்கு அவருக்கு ஆபரேஷன். அதற்குள் அந்த ஒரு துண்டை மட்டும் போனில் அனுப்பினால் அவருக்குக் காட்டிவிடுவேன் என்றாள்.

அந்த ஃபைலைத் திறந்தேன். மணமகன் மேடைக்கு வருகிறான், மாலையைச் சரி செய்கிறான், படம் அப்படியே நின்றுவிட்டது. முப்பத்தொரு ஜிபி வர வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்தால் போனைப் பையில் போட்டுவிடுவான். பன்னிரண்டு தடவை அடித்துவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பினேன். அழித்த கார்டில் மேற்கொண்டு எடுக்காமல் இருந்தால் மீட்டுவிடலாம் என்ற ஒரு நப்பாசைதான். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கு மாறினேன். இருக்கை இருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். "உக்காருங்கக்கா, நீங்க நின்னா மட்டும் வண்டி வெரசாப் போயிருமா?" என்றார் கண்டக்டர். அந்த ஆளை அடித்துவிடலாம் போல வந்தது.

மண்டபத்தில் தம்பி ஸ்டூல் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான். தாலி கட்டும் நேரத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்க முடியுமா? எந்தக் கார்டில் ஏறிக்கொண்டிருக்கிறதோ என்று பதறியபடி, கையில் யாரோ திணித்த அட்சதையைப் போடாமலே நின்றேன். அவன் இறங்கியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நான் அழிக்கலக்கா," என்றான். "ஒண்ணு மட்டும் பாதிதான் வந்துருந்துச்சு. திரும்ப அனுப்பி விட்டுட்டு, வேற கார்டு எரவல் வாங்கிட்டு வந்தேன். இந்நேரம் உன் வீட்டுல எறங்கியிருக்கும்."

பாதிதான் வந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். என் கம்ப்யூட்டரில் எவ்வளவு வந்திருக்கிறது என்று மேலூரிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் எப்போதும் அழிப்பானாம். நிம்மதி வந்த அதே வேகத்தில் கோபமும் வந்தது. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் என்னை எதற்குக் கேட்கிறாய், எப்போதிலிருந்து இந்தச் சந்தேகம் என்று சத்தம் போட்டேன்.

கார்டை மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பாப்பா காதுகுத்துலேருந்து."

அவன் மகளின் காதுகுத்து. அதையும் என்னைக் கேட்டுத்தான் அழித்தான். அந்த வீடியோவில் காது குத்தும் இடம் மட்டும் இருக்காது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவன்தான் சொன்னான். ஊர் வீட்டு விசேஷமெல்லாம் எடுப்பான், சொந்தப் பிள்ளைக்குப் பேட்டரி இருக்காது என்று சொந்தக்காரர்கள் நடுவில் எத்தனை பந்தியில் அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான்.