முப்பத்தெட்டாவது ஆள்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, காலை ஆறு பத்து. தூறல். குடை விரித்தால் அதிகப்படியாகத் தெரியும், விரிக்காவிட்டால் தலை நனையும், அந்த அளவுக்கு. மர்பி டவுனில் எங்கள் தெருமுனையில் நானும் என் மனைவியும் ஆட்டோவுக்கு நின்றோம். மூன்று பேர் வர மறுத்தார்கள். நான்காமவர் தொண்ணூறு ரூபாய் கேட்டார். போக வேண்டியது இரண்டே கிலோமீட்டர் என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு எழுபத்தாறு வயது, அவளுக்கு எழுபத்தொன்று. இந்த வயதில் விடிந்தும் விடியாமல் ஸ்மார்ட் வாட்ச் வாங்க வரிசையில் நிற்கப் போனதற்குக் காரணம் உண்டு.

அதற்கு இருபத்து மூன்று நாள் முன்பு, காலை ஏழு ஐந்துக்கு அவள் குளிக்கப் போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரில் வரும் எண் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பக்கத்து அறை பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இடம். ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டியோடு என் இடது காதையும் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். வலது காதில் பாதி மிச்சம். காது மெஷின் ஒன்று வாங்கினேன். மிக்சியும் பக்கத்து வீட்டு நாயும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்ததால் பன்னிரண்டாம் நாள் அதைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

ஏழு நாற்பதுக்கு எழுந்தேன். அவளைத் தேடி எழவில்லை. இரண்டாவது காபி வரவில்லையே என்று எழுந்தேன். இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. சமையலறையில் ஆள் இல்லை. குளியலறைக் கதவருகே போய் வலது காதை வைத்த பிறகுதான் முனகல் கேட்டது. உள்ளே தாழ்ப்பாள். மேல் வீட்டுக்காரர் ஓடி வந்து தோளால் இடித்துத் திறந்தார். அவள் வாளிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். முப்பத்தைந்து நிமிடம். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. கணுக்காலும் மணிக்கட்டும் வீங்கியதோடு போயிற்று.

எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று கேட்டேன். மூன்று தடவைதான் என்றாள். அடுத்த இரண்டு நாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மூன்று தடவை கூப்பிட்டால் தொண்டை கட்டாது.

புனேயில் இருக்கும் மகள்தான் இந்த வாட்சைப் பற்றிச் சொன்னாள். அம்மா கையில் ஒன்று, அப்பா கையில் ஒன்று. அம்மா விழுந்தால் அம்மாவின் வாட்ச் அதை உணர்ந்துகொள்ளும், உடனே அப்பாவின் மணிக்கட்டில் மற்றது துடிக்கும். காது தேவையில்லை. எனக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது மாதிரி இருந்தது. ஆன்லைனில் விற்பனை தொடங்கிய அன்று நான் விலாசத்தைப் பூர்த்தி செய்து ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தேன். நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கடையில் நேரடியாக சனிக்கிழமை தருகிறார்கள், ஒரு ஆதார் கார்டுக்கு ஒரு வாட்ச் என்று மகள் சொன்னாள். இரண்டு வேண்டுமென்றால் இரண்டு பேரும் போக வேண்டும். கால் நேராக ஊன்றத் தொடங்கி ஒரு வாரமே ஆனவளை அழைத்துக்கொண்டு போனது அதனால்தான்.

கடை வாசலில் இரண்டு வரிசைகள். மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பத்து வாட்ச், பொது வரிசைக்கு நாற்பது என்றார் செக்யூரிட்டி. மூன்று முதியவர்கள் எங்களுக்கு முன்னால். நான்காவது அவள், ஐந்தாவது நான். நிம்மதியாக உட்காரப் போனேன். செக்யூரிட்டி இரண்டு ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டிக் கன்னடத்தில் சொன்னார். "ஒந்து அட்ரெஸ், ஒந்து வாட்ச்." இந்த வரிசையில் ஒரு வீட்டுக்கு ஒன்றுதானாம், பொது வரிசையில் அந்த நிபந்தனை இல்லையாம். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, குடையைக் கையில் கொடுத்துவிட்டு நான் பொது வரிசைக்குப் போனேன். அது ஏ.டி.எம். தாண்டித் திரும்பிப் பக்கத்துச் சந்துக்குள் நீண்டிருந்தது. அங்கிருந்து அவள் தெரியமாட்டாள்.

எனக்கு முன்னால் முப்பத்தேழு பேர். மூன்று தடவை எண்ணினேன். நாற்பது வாட்ச், நான் முப்பத்தெட்டாவது ஆள். கிடைக்கும், ஆனால் இரண்டு பேர் நடுவில் நுழைந்தால்கூட விளிம்பில்தான் நிற்பேன். மூன்றாவது ஆள் நுழைந்தால் தீர்ந்தது.

ஏழரைக்கு எனக்குப் பின்னால் நுழையத் தொடங்கினார்கள். டீ குடிக்கப் போனவன் திரும்பி வரும்போது கூட ஒரு நண்பனை அழைத்து வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பாக்கெட் டைரியில் ஒரு தாளைக் கிழித்து முன்னால் இருந்து எண் போட ஆரம்பித்தேன். பெயர் கேட்கவில்லை, அடையாளம் மட்டும். 11, நீலத் தொப்பி. 12, மஞ்சள் குர்தி. 13, தோளில் ஹெல்மெட். எனக்கு முன்னால் நின்ற இளைஞன் சந்தாபுராவிலிருந்து பைக்கில் வந்தவன், சனிக்கிழமையும் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டியிருந்தான்.

"நீங்களே எழுதுங்க அங்கிள். உங்களை ஏமாத்த யாருக்கும் மனசு வராது" என்றான்.

பின்னாலிருந்து யாரோ, "ஏமாத்தினா நிக்க வச்சு கிளாஸ் எடுப்பாரு, அதான்" என்றான். சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்குத் தாளில் எண்பத்தொரு பேர். புதிதாக வந்தவர்கள் நேராக என்னிடம் வந்து தங்கள் எண்ணைக் கேட்டுக்கொண்டு போய் நின்றார்கள். ஒரு பெண் தன் கணவனைத் திட்டி என்னிடம் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள், நான் அடையாளம் குறித்துக்கொள்ள. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடத்துக்குப் பிறகு மனிதர்கள் என் தாளுக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். தூறல் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு ஷட்டர் ஏறியது. கோட்டு போட்ட மேனேஜர் வெளியே வந்து, நாற்பதில் பதினைந்து ஆப் மூலம் முன்பதிவு செய்தவர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, இந்த வரிசைக்கு இருபத்தைந்துதான் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அறிவித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மஞ்சள் குர்தி பெண் ஐந்து மணியிலிருந்து நிற்பதாகக் கன்னடத்தில் கத்தினாள், அவள் பன்னிரண்டாவது என்பதால் அவளுக்கு எப்படியும் கிடைக்கும் என்பதை மறந்து. சந்தாபுரா இளைஞன் மட்டும் குரலை உயர்த்தவில்லை. "ஆறு மணிக்கே இதைச் சொல்லியிருந்தா நான் வீட்ல தூங்கிட்டு இருந்திருப்பேன்ல சார்?" என்றான். அடுத்த வாரம் ஸ்டாக் வரும் என்றார் மேனேஜர். எந்தத் தேதி என்று நான் கேட்டேன். ஆப்பில் பாருங்கள் என்றார்.

யாரோ என் கையிலிருந்து தாளை வாங்கி மேனேஜர் முகத்துக்கு நேரே ஆட்டினார்கள், இந்த வரிசைப்படிதான் விடவேண்டும், ஒரு ஆள் மாறினாலும் தெரிந்துவிடும் என்று. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தெட்டில் இருபத்தைந்து போனால் எனக்கு ஒன்றுமில்லை. மிச்சம் அவளுடைய ஒன்று. ஒன்று இருந்தாலும் என் சட்டைப் பை போனுக்குத் தகவல் வரும், துடிப்பு நெஞ்சில் தெரியும், பாதி பயமாவது குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

நாற்காலியில் குடை மட்டும் இருந்தது.

அவளுடைய எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது, ஆளைக் காணோம் என்றார் செக்யூரிட்டி. அடுத்தவர் உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிடத்துக்குள் அழைத்து வந்தால் விடுகிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். மணி பத்து பன்னிரண்டு. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மருந்துக் கடையில் பார்த்தேன். செருப்புக் கடைப் படியில் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் என்ற எண்ணைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடைசியில் நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல் ஒன்றில், டோக்கன் கொடுப்பவரிடம் பச்சைப் புடவை, லேசாக நொண்டுவார் என்று சொன்னேன். அவர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

குறுகலான நடை. கடைசியில் கழிவறை. அதன் வாசலில், நிலைக்கட்டையை ஒரு கையாலும் புடவைக் கொசுவத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உள்ளே தரை முழுக்க சோப்புத் தண்ணீர். கழுவிக்கொண்டிருந்த பெண், தண்ணீரை வழிக்கும் தள்ளுகட்டையை எடுத்து வரப் போனவள் திரும்பவில்லையாம்.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"பத்துக்கு முன்னாடியே வந்தேன். கால் வைக்கப் பயமா இருக்கு."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிடத்தான் சந்துக்கு வந்தேன். நீங்க எல்லாருக்கும் நம்பர் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ரிடையர் ஆனதுக்கப்புறம் உங்க மூஞ்சிய அப்படிப் பாத்ததே இல்லீங்க. சரி, நாமளே போய்க்கலாம்னு வந்துட்டேன்." பிறகு சட்டென்று, "நம்ம நம்பர் என்னாச்சு?" என்றாள்.

மணி பத்து பதினாறு. ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அவளைக் கையைப் பிடித்து வேகமாக நடத்தினால் செக்யூரிட்டி முன்னால் போய் நிற்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். "இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தாழ்ப்பாள் போடாதே என்றேன். கதவைச் சாத்தியதும் அவள் சத்தம் நின்றுபோனது. வலது காதைக் கதவில் வைத்தேன். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணிக்கிட்டே இரு" என்று கத்தினேன்.

"என்னத்த எண்றது?"

"ஒன்னு, ரெண்டு, மூணு. நிறுத்தாத. நிறுத்தினா உள்ள வந்துருவேன்."

அவள் எண்ணினாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கவே எண்ணினாள். தள்ளுகட்டையோடு திரும்பி வந்த பெண் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அறுபத்தொன்றில் குரல் நின்றது. கதவைத் தட்டினேன். "புடவை சரி பண்றேன், இருங்க" என்றாள். எழுபத்து நான்கில் வெளியே வந்தாள்.

கடைக்குத் திரும்பியபோது செக்யூரிட்டி இரண்டு கையையும் விரித்தார். சந்தாபுரா இளைஞன் என் தாளைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். "இருபத்தஞ்சோட நின்னுடுச்சு அங்கிள். ஆனா ஒரு ஆள்கூட மாறல. அந்தத் திருப்தியாவது" என்றான். அவனுக்கும் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அதே ஓட்டலுக்குத் திரும்பி வந்து காபி வாங்கினோம். அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் வாட்ச் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தை வாயைத் தாண்டும்போதே தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள்.

"அன்னைக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் பொறுத்தேனே, அதுல கழிச்சுக்கோங்க" என்றாள்.

வீடு வரும்வரை ஆட்டோவில் அவள் கையைப் பிடித்தே உட்கார்ந்திருந்தேன், குலுக்கலுக்காக என்று சொல்லிக்கொண்டு.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். சிவாஜிநகரில் வழுக்காத ரப்பர் பாய் ஒன்று வாங்கினேன். ஏழு ஐந்துக்கு எண் கட்டங்களோடு கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். அவள் எண்ணிக்கொண்டே குளிக்கிறாள். ஏமாற்றுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இருபத்தொன்பதுக்குப் பிறகு நாற்பது வந்துவிடும். தட்டுவேன். "கணக்கு வாத்தியார்கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று முனகிக்கொண்டு முப்பதிலிருந்து மறுபடி தொடங்குவாள்.

ஜனவரியில் ஸ்டாக் வந்துவிட்டது, எத்தனை வேண்டுமானாலும் தருகிறார்கள் என்று மகள் போன் செய்தாள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை நாற்பத்து மூன்றில் எண்ணிக்கை நின்றது. பேப்பர் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் குளித்து முடித்து, புடவை கட்டி, சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நான் எவ்வளவு சீக்கிரம் வருகிறேன் என்று பார்த்தாளாம்.

"ஒம்பது எண்றதுக்குள்ள வந்துட்டீங்க. வாட்ச் வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. திட்ட வேண்டும் என்று நினைத்துத் தொடங்கினேன், முடிக்கவில்லை. வேண்டாம் என்று மகளுக்கு அன்றே சொல்லிவிட்டேன்.

வாட்ச் வாங்காமல் ஆன செலவு: போக ஆட்டோ தொண்ணூறு, வர நூற்று இருபது, காபி இரண்டு, வடை இரண்டு சேர்த்து நூற்று நான்கு, கழுவும் பெண்ணுக்குக் கொடுத்தது இருபது, ரப்பர் பாய் நூற்று எண்பது, தச்சர் கூலி நூற்று ஐம்பது. ஆக மொத்தம் அறுநூற்று அறுபத்து நான்கு ரூபாய்.