கமராவுக்குப் போட்ட துவாய்

சுன்னாகத்தில் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். கனடாவிலிருக்கும் அக்கா முற்றத்தில் கமரா பூட்டுவித்தாள். அங்கிருந்தே என்னைப் பார்ப்பாள், கமராவுக்குள்ளால் கதைப்பாள்.

"டேய், உதென்ன தலை? காகக்கூடோ?"

"டிக்கெட் எடுக்காமல் என்னக்கா பார்வை?" என்று சொல்லி, கமராவைத் தலை துடைக்கிற துவாயால் மூடினேன்.

அன்று மாலையே முற்றத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. கைபேசி வீட்டுக்குள். கத்திக் களைத்தேன், ஒருவரும் வரவில்லை.

துவாய் கமராவின் கண்ணை மட்டும்தான் மூடியிருந்தது. கனநேரம் கழித்து அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"உதுவும் உன்ரை பகிடியோடா?"

"இல்லையக்கா" என்று அழுதேன். உடனே பக்கத்து வீட்டு அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லி, அவரை அனுப்பினாள்.

இப்போது கமராவை மூடுவதில்லை. தினமும் காலையில் தலைவாரி அதன் முன்னால் நிற்கிறேன். அவள் கதைக்காத நாட்களில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.